அட்டையில் ஏறிய அப்புச்சி

"ஒரே ஒரு வரிக்கு இத்தன நேரமா அம்மிணி? இந்நேரம் நூறு பனியன் தெச்சு அடுக்கியிருப்பாங்க!"

மதுமதியின் நாற்காலிக்குப் பின்னால் பிரபாகர் கூண்டுப் புலியைப்போல நடந்துகொண்டிருந்தார்.

அவர் அவசரத்தில் நியாயம் இருந்தது. அருள்புரத்தில் பனியன் கம்பெனி போட்ட நாளிலிருந்து ஊரான் பேரைத் தைத்துத் தைத்தே அனுப்பியவருக்கு, முதன்முதலாகச் சொந்தப் பேரில் சரக்கு பிரான்சுக்குப் போகிறது. லியோன் நகரத்துக் கடைக்காரி சோஃபி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். சட்டையில் தொங்கும் அட்டையில் குடும்பத்தின் கதை பிரெஞ்சில் இருக்கவேண்டும். மாலைக்குள் வராவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி. பழையபடி சட்டையில் அவள் கடைப் பேர்தான்.

கதையைக் கோயமுத்தூர் விளம்பரக் கம்பெனி ஒன்று உட்கார்ந்த இடத்திலேயே இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டது: 'எங்கள் தாத்தா பருத்தி விளைவித்தார்.' தாத்தா என்றால் பிரபாகரின் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர். அதைப் பிரெஞ்சாக்கும் பாரம், பள்ளிக்கூடத்தில் மார்க் அள்ளலாமென்று தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மதுமதி தலையில் விழுந்தது.

"சார், இங்கிலீஷ்ல ஒரே சொல்லுல முடிச்சுட்டாங்க. பிரெஞ்சுல நடந்து முடிஞ்சதச் சொல்ல மூணு தினுசு இருக்குதுங்க. 'செஞ்சார், முடிஞ்சுது'ன்னு ஒண்ணு. 'செஞ்சுட்டே இருந்தார்'னு ஒண்ணு. கதப் புஸ்தகத்துல மட்டும் வர்றது ஒண்ணு."

"மூணுல எது மலிவு?" என்றார் தங்கதுரை. பிரபாகரின் மச்சான், கம்பெனியில் பாதிப் பங்கு. கோயில் பிரசாதத்தையே பேரம் பேசி வாங்குகிறவர்.

"மொத தினுசு சுளுவுங்க."

"முடிஞ்சுதுன்னா? ஒருக்காப் போட்டு நட்டமாயி ஓடிப்போன மாதிரியல்ல இருக்குது! அப்புச்சி வருசா வருசம் போட்டாரு அம்மிணி. காடு பூராம் வெள்ளை வெளேர்னு..." கண்ணால் கண்டவர்போலத் தங்கதுரை கையை விரித்த வேகத்தில் டீ டம்ளர் கவிழ்ந்தது.

"அந்தக் கதப் புஸ்தகத்துது எப்படி?" என்றார் பிரபாகர்.

"ராஜா படையெடுத்தார், கோட்டையப் புடிச்சார்னு எழுதறதுங்க சார்."

"அதையே போடு!" பிரபாகருக்குப் புல்லரித்துவிட்டது.

போட்டு சோஃபிக்கு அனுப்பினாள். பதிலும் உடனே வந்தது. படித்த மதுமதிக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

"என்ன சொல்றாங்க?"

"ரொம்பக் கம்பீரமா இருக்குதாமுங்க. அப்புறம்... அப்புச்சி காலமானதுக்கு ஆழ்ந்த அனுதாபமாம்."

"அடக் கெரகமே! நேத்து ரெண்டு உருண்டை களி சாப்பிட்ட மனுசனாச்சே அம்மிணி!" என்றார் பிரபாகர்.

"பழைய காலத்து ஆளுன்னு நெனச்சுட்டாங்க சார். கறுப்பு ரிப்பன் கட்டின போட்டோ கேக்கறாங்க."

"மாத்து, மாத்து!"

அப்புச்சி சுகமாக இருக்கிறார் என்று ஒரு வரி எழுதி, 'விளைவித்துக்கொண்டிருந்தார்' என்று மாற்றி அனுப்பினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"'விளைவித்துக்கொண்டிருந்தார்... சரி, அப்புறம்?'ங்கறாங்க சார். இப்படி எழுதுனா, நடுவுல ஏதோ நடந்துச்சுன்னு எதிர்பாப்பாங்க."

"ஒரு வெள்ளம், ஒரு இடி சேத்துக்க. அதுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. கெடையாது" என்றார் தங்கதுரை.

"வேண்டாமுங்க, இன்னும் இருக்குது! உயிரோட இருக்கறவர் வாயாலயே கேட்டுக்கறாங்களாம். இப்பவே வீடியோல காட்டச் சொல்றாங்க. கத புடிச்சா அட்டைல அப்புச்சி மொகமாம். கடை வாசக் கண்ணாடி பூராவும் நம்ம பேராம் சார்!"

பிரபாகர் துள்ளிய துள்ளலில் நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. கார் அப்புச்சி இருக்கும் சாமளாபுரத்துக்குப் பறந்து, அப்புசாமிக் கவுண்டரைப் புது வேட்டியோடு அள்ளிக்கொண்டு வந்தது. தங்கதுரை ஸ்பின்னிங் மில்லில் கெஞ்சி வாங்கிய ஒரு மூட்டைப் பஞ்சைக் கிழவர் மடியில் கொட்டினார். தையல் செக்சன் மொத்தமும் மிஷினை நிறுத்திவிட்டுக் கதவருகே கூடியது.

திரையில் சோஃபி தோன்றினாள். பெரியவரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிரபாகர் கண்ணைத் துடைத்தார். மதுமதி விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். கிழவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை வைத்து மூன்றில் ஒன்றை முடிவு செய்துவிடலாம்.

"அப்புச்சி, நீங்க பருத்தி போட்ட கதையச் சொல்லணுமாம். அவங்க ஊரே கேக்கக் காத்திருக்குதாமுங்க!" என்றாள் மதுமதி.

அப்புசாமி மடியிலிருந்த பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"பருத்தியா? நம்ம காட்டுல சோளமும் கடலையும் விட்டா வேறென்ன கண்ணு வெளைஞ்சுது? பருத்திய நான் பனியனாத்தான் பாத்திருக்கேன்!"