சின்னத்துரை செத்த கதை

செத்தவன் செத்துப்போனான் என்று ஒத்துக்கொள்ளக்கூட இந்தக் காலத்து ஆட்களுக்கு மனசு வருவதில்லை. முந்தியெல்லாம் ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் விழுந்ததுதான். பாடை கட்டுவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுப்பார்கள். இப்போது அப்படியா? பிணத்தைப் பார்த்தாயா, யார் சாட்சி என்று ஆளாளுக்கு வக்கீலாகிவிடுகிறார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டு கந்தப்பன் வெற்றிலையை மென்றார். எதிரே சிவசாமி உட்கார்ந்திருந்தார். பரிசம் போட வந்த மனுசன், பரிசத் தட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"சின்னத்தொரை சாகல, கந்தப்பா. சொல்லிப்புட்டேன்."

"கழுத்துல வெச அம்பு. கீழ கண்ணுக்கு எட்டாத பள்ளம். குதிரை மட்டும் தனியா திரும்பி வந்திருக்கு. இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிய்யா சாவான்?"

"பொணத்த யாரு பாத்தா?"

"விழுந்த எடத்துல போயி எவன் பாப்பான்? நீ போறியா?"

இவர்கள் சண்டை போட்டது தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையைப் பற்றி அல்ல. அவர் பங்களாவில் சுகமாக முட்டை தின்றுகொண்டிருந்தார். இது 'நஞ்சுமலைச் சிம்மாசனம்' என்ற கதையில் வருகிற சின்னத்துரை.

இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கதைப் புத்தகம் வருவதே குதிரைக்கொம்பாகிவிட்ட வருசங்கள் அவை. பாண் ரொட்டிக்கு வரிசை, சீனிக்குக் கூப்பன். அந்தப் பஞ்சத்தில் எப்படியோ முதல் பாகம் மட்டும் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் கந்தப்பனின் மகள் லெட்சுமி. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து லிந்துலைக்கு மாற்றலாகிப்போன பவுலின் டீச்சரிடம் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

கதை என்றால் அது கதை. எலும்பால் செய்த சிம்மாசனம். அதில் தம்பியை நம்பாத ராசா. புதைகுழியில் இருந்து சிப்பாய்களை எழுப்பி வேலை வாங்குகிற சூனியக்காரி. எல்லாருக்கும் வாயில் நுழையாத வடக்கத்திப் பெயர்கள். லயத்து ஆட்கள் அந்தப் பெயர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ராசாவைப் பெரியதொரை என்றார்கள். தம்பியைச் சின்னத்தொரை என்றார்கள். காட்டிக்கொடுக்கிற மந்திரி, வேறென்ன, கணக்கப்பிள்ளை. செத்த சிப்பாய்கள் குழியிலிருந்து எழுந்து வரிசையில் நிற்கிற இடம் வந்தால், "பெரட்டு வந்திருச்சி, பெரட்டு வந்திருச்சி" என்று பொம்பிளைகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

இரண்டாம் பாகத்தைப் பவுலின் டீச்சர் வீட்டை விட்டு வெளியே கொடுக்கவில்லையாம். கிடைக்காத புத்தகம், கை மாறினால் காணாமல் போகும் என்று பயமாம். அதனால் லெட்சுமி சனிக்கிழமை தோறும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறி லிந்துலைக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை வாயால் சொன்னாள். திரும்பி வரும்போது அவள் முகம் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். புத்தகம் படித்தால் அப்படித்தான் இருக்கும்போல என்று கந்தப்பன் நினைத்துக்கொள்வார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதில் பாதி நாள் மழை.

அந்த இரண்டாம் பாகம்தான் சின்னத்துரையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு முடிந்து தொலைந்தது.

"சரி, மூணாம் பாகம் வரட்டும்" என்று சிவசாமி தட்டோடு எழுந்தார். "அதுல அவரு செத்திருந்தா நானே வந்து ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு பரிசம் போடுறேன். உசுரோட வந்தா நீ எங்க லயத்துக்கு வந்து எல்லாரு முன்னாலயும் தப்புன்னு சொல்லணும். அதுவரைக்கும் எம் மகன் அழகனுக்குக் கல்யாணம் இல்ல."

"மூணாம் பாகம் எப்ப புள்ள வரும்?" என்று கந்தப்பன் உள்ளே பார்த்துக் கேட்டார்.

கதவோரம் நின்ற லெட்சுமி தலையைக் குனிந்தாள். "எழுதிக்கிட்டு இருக்காராம்ப்பா. டீச்சர் சொன்னாங்க."

"இன்னுமா எழுதுறான்? பின்னால ஒரு கங்காணிய நிப்பாட்டுனா மழைக்கு முந்தி முடிச்சிருப்பான்."

"அவருக்குக் கை வலியாம்ப்பா."

"கொழுந்து எடுக்குற பொம்பளைக்கு வராத கைவலி!"

அன்றைக்குப் போன பரிசம் போனதுதான். கந்தப்பனின் பெண்சாதி காளியாயி, அடுப்பில் இருந்த சோற்றைவிட அதிகமாகக் கொதித்தாள்.

"ஏங்க, இல்லாத ஒருத்தன் செத்தா என்ன, பொழைச்சா என்ன? நல்ல சம்பந்தம். ஆமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"செத்தவன உசுரோட இருக்கான்னு சொல்லச் சொல்றியா? நான் பொய் பேச மாட்டேன்."

ஆனாலும் மனசுக்குள் உறுத்தியது. மகளுக்கு இருபத்துமூன்று ஆகிவிட்டது. அதனால் லெட்சுமியைக் கூப்பிட்டு, அடுத்த சனிக்கிழமை அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி நல்லாப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். எங்கேயாவது ஒரு ஓரத்தில் செத்தார் என்று ஒரு சொல் இருக்கும்.

லெட்சுமி போய்விட்டு வந்தாள்.

"போன தடவ ஒரு வரிய விட்டுட்டேன்ப்பா. அவரோட தலப்பா ஆத்துல மெதந்து வந்திச்சாம். ஆனா அதுல ரத்தக்கறை இல்லையாம்."

அவ்வளவுதான். லயம் இரண்டாக உடைந்தது. ரத்தம் இல்லையென்றால் ஆள் பிழைத்தான் என்று சிவசாமியின் மேல் லயம். ஆற்றுத் தண்ணீரில் ரத்தம் நிற்குமா, கழுவிவிட்டது என்று கந்தப்பனின் கீழ் லயம். பீலித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தை நிரப்பிவிட்டும் நகராமல் நின்று பேசினார்கள்.

"சூனியக்காரிதான் அவர ஒளிச்சி வச்சிருக்கா. அவளுக்கு அவரு மேல ஒரு கண்ணு" என்றாள் வேலாயி.

"போடி. மூணாம் பாகத்துல அவரே பொணமா எந்திரிச்சி அண்ணங்காரன் மேல படையெடுத்து வருவாரு, பாரு" என்றாள் அழகம்மா.

"அப்ப செத்துட்டாருன்னு ஒத்துக்கிற!"

"செத்துட்டு வருவாருங்கிறேன்!"

மலையில் கொழுந்துக்கூடை நிறையவில்லை. வாய் நிறைந்தது. இதற்கு நடுவில் சிவசாமி, நோட்டன் பிரிட்ஜில் ஒரு பெண் இருக்கிறதாம், மாரியம்மன் திருவிழாவுக்குள் கந்தப்பன் இறங்கி வராவிட்டால் அங்கே போய்ப் பார்க்கப்போகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

கந்தப்பன் யோசித்தார். ஊர் முழுக்க ஒரே வாயாகச் செத்தார் என்று சொன்னால் சிவசாமி என்ன செய்ய முடியும்? லயத்தில் எந்தச் சாவையும் ஊருக்குச் சொல்கிறவன் தப்படிக்கிற மாயாண்டி. அவன் சொல்லிவிட்டால் மேல் பேச்சு கிடையாது. விடிந்ததும் விடியாததுமாக மாயாண்டியின் காம்பராவுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாயாண்டி கள்ளுக்குப் போய்விடுகிறவன் என்பதையும், கதையில் ஒரு வரிகூட அவன் கேட்டதில்லை என்பதையும் அவர் யோசிக்க மறந்துபோனார்.

"மாயாண்டி, சின்னத்தொரை செத்துட்டாரு. நீ என்ன சொல்ற?"

மாயாண்டி எழுந்து உட்கார்ந்தான். "ஐயையோ. எப்பங்க?"

"அது ஆச்சி நாளு. பள்ளத்துல விழுந்து. மேல் லயத்துக்காரனுங்க மறைக்கிறானுங்க. நீதான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லணும்."

"சொல்லாம? இந்தா."

அவனுக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தது ஒரே விதம்தான். தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு சாவு மேளத்தை அடித்தபடி லயத்து வழியே இறங்கினான். "சின்னத்தொரை செத்துப்போனாருங்கோ!" கந்தப்பன் பின்னாலேயே ஓடி, "டேய், அவரு இல்லடா, அவரு இல்லடா" என்று கத்தினார். தப்புச் சத்தத்தில், "அவரு இல்லடா" என்பது மட்டும் கேட்டு, ஆமாம் அவர் இனி இல்லைதான் என்று மாயாண்டி இன்னும் பலமாக அடித்தான்.

கேட்டவர்கள் கதையை நினைக்கவில்லை. சாவு மேளம் கேட்ட பிறகு யார் கதையை நினைப்பார்? பெரட்டுக் களத்தில் நின்ற கூட்டம் அப்படியே பங்களா ரோட்டுக்குத் திரும்பியது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, செத்த மனுசனின் பங்களாவுக்கு அடுத்து யார் குடிவருவார்கள் என்ற சோகத்தோடு முன்னால் நடந்தார். பங்களாக் கேற்றின் முன்னால் அழகம்மா தலையை விரித்துப்போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

கேற்றைத் திறந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் சின்னத்துரை வந்தார். அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகு வந்த சிங்களப் பொடியன். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார்.

"என்ன சத்தம்? யாரு செத்தது?"

கண்டாக்கு ஐயா தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஐயாதாங்க."

"நானா?"

"ஆமாங்க. காலையிலதாங்க செய்தி வந்திச்சி."

சின்னத்துரை குனிந்து தன் காலைப் பார்த்தார். பூட்ஸ் இருந்தது. "எப்படி செத்தது?"

"பள்ளத்துல விழுந்துட்டீங்களாம்."

அழகம்மா ஒப்பாரியை நிறுத்தவில்லை. எடுத்த பாட்டைப் பாதியில் விடுவது அவளுக்கு வழக்கமில்லை. "பங்களா இருண்டிருச்சே, பைக்கு தனியா நிக்கிறதே" என்று, அந்த பைக்கின் ஹேண்டிலையே பிடித்துக்கொண்டு பாடினாள்.

விசாரித்ததில் கதை தெரிந்தது. தோட்டம் முழுக்க அன்றைக்கு அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம் போச்சு. கீழ் லயம், மேல் லயம் இரண்டும் ஒற்றுமையாகிக் கந்தப்பனைத் திட்டின. இஸ்டோருக்குக் காவல் பார்க்கிற கந்தப்பனைப் பார்த்துச் சின்னத்துரை விரலை நீட்டினார்.

"அந்தப் பொத்தகம் எனக்கு வேணும். எவன் என்னைய கொன்னதுன்னு நான் பாக்கணும். சனிக்கெழமை காலையில மேசையில பொத்தகம் இல்லைன்னா, இவனுக்கு இஸ்டோர் வாச்சர் வேலை இல்ல."

போகிற வழியில் சிவசாமி நின்று சிரித்தார். "செத்துட்டாரு செத்துட்டாருன்ன. பாத்தியா, பைக்குல வந்து நிக்கிறாரு. இது அம்மனே காட்டுன சகுனம், கந்தப்பா."

"இவரு வேற, அவரு வேறய்யா!"

"அவரும் இப்படித்தான் ஒருநா வந்து நிப்பாரு."

விசயத்தைக் கேட்டதும் லெட்சுமியின் முகம் வெளுத்தது.

"டீச்சர் குடுக்க மாட்டாங்கப்பா. நான் வேணும்னா தொரைகிட்ட நேரா போயி முழுக் கதையும் சொல்லிர்றேன்."

"அந்தாளுக்குக் கதை வேணாம், பொத்தகம் வேணும். வேலை போனா காம்பராவ விட்டுல்ல எறங்கணும்?"

"அப்ப நாளைக்கு நான் போயி கேட்டுப் பாக்குறேன்ப்பா. நீங்க போகாதீங்க. டீச்சருக்குக் கோவம் வரும்."

சரி என்றார். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை, காலையிலேயே மேசையில் இருக்க வேண்டும். லெட்சுமி பிள்ளைக் காம்பராவுக்குப் போனதும் கந்தப்பன் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு லிந்துலைக்கு பஸ் ஏறினார்.

பவுலின் டீச்சரின் வீட்டுச் சுவரில் யேசுநாதர் படம். அதற்குக் கீழே ஒரு புத்தக அலுமாரி, கண்ணாடிக் கதவு போட்டு, பூட்டி. கந்தப்பன் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டார். டீச்சர் கேட்காமலேயே தேத்தண்ணியில் சீனி போட்டுக் கொடுத்தார். கூப்பன் சீனியைக் கேட்காமல் போடுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

"டீச்சரம்மா, நான் லெட்சுமியோட அப்பா. அந்த நஞ்சுமலை பொத்தகம், ரெண்டாம் பாகம். ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு. தொரை பாத்ததும் கையோட கொண்டாந்து குடுத்துர்றேன். மாரியாத்தா மேல சத்தியம்."

டீச்சர் அவரை ஒருமாதிரி பார்த்தார்.

"மூணாம் பாகம் நான் கேக்கலிங்க" என்றார் கந்தப்பன், விட்டுக்கொடுப்பவர் போல. "அவரு கைவலியோட எழுதிக்கிட்டு இருக்காருன்னு தெரியும். எம் மக சனிக்கெழமை சனிக்கெழமை இங்க வந்து குந்தி படிக்கிறாளே, அந்த ரெண்டாவதுதான்."

"பெரியவரே" என்றார் பவுலின் டீச்சர் மெதுவாக. "ஒங்க மக மொதல் பாகத்த வாங்கிட்டுப் போனவதான், அதுக்கப்பறம் இந்தப் பக்கமே வரலிங்க. ரெண்டாம் பாகத்த அந்த எழுத்தாளரு இன்னும் எழுதவே இல்லிங்களே!"

கந்தப்பன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பூட்டிய அலுமாரியை ஒருதரம் பார்த்தார். டீச்சரையும் ஒருதரம் பார்த்தார்.

"குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்கம்மா. அதுக்காக கைவலியோட எழுதுற மனுசன் மேல பழியப் போடாதீங்க."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.