என் அப்பாவின் தகப்பன் பெயர் ஜான் பீட்டர்

மாதா துணை

மானகிரி,
14.7.1998

மதிப்பிற்குரிய அத்தானுக்கு ஜான் பீட்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெல்சியும் பிள்ளைகளும் சுகம். சிவகங்கையில் நீங்களும் சூசைமேரி அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவும் சுகம்தான், அவர் இவ்வளவு சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

புதுவயல் ரைஸ்மில்லில் நான் ஒயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்வது உங்களுக்குத் தெரியும். வைகாசியில் மேனேஜர் முத்துராமன் கூப்பிட்டு, "இனிமே வருமானவரி நம்பர் இல்லாத ஆளுக்கு வேலை கெடையாது" என்று சொல்லிவிட்டார். காரைக்குடி ஆடிட்டர் ஆபீஸுக்கு ஓடினேன். குமாஸ்தா குமரப்பன் விண்ணப்பத்தை விரித்து, "குடும்பப் பேரு என்ன வச்சிருக்கீக?" என்றார். எங்கள் வம்சத்தில் அப்படி எதுவும் வைத்துக்கொண்டதில்லை என்றேன். "காலியா விட்டா திருப்பி அனுப்பிருவாக, இனிஷியலும் போடக் கூடாது" என்று அந்தக் கட்டத்தில் சின்னராஜ் என்று அப்பா பெயரை எழுதினார். பிறகு எதை எங்கே எழுதினாரோ, நம்பர் வந்தபோது பெயர்: சின்னராஜ், தகப்பன் பெயர்: ஜான் பீட்டர்!

அப்பா கண்ணாடி போட்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "யப்பா, பிள்ளைக்கு ஒரு காப்பி போடச் சொல்லுங்க" என்றார். பெல்சி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கிப் போயிற்று.

திருத்தம் கேட்டு மறுபடி ஓடினேன். "மனு போட்ருவோம், ஆனா மாசக்கணக்காகும்" என்றார் குமரப்பன். மேனேஜரோ, "நம்பர் சின்னராஜ் பேர்ல இருக்குல்ல, அப்ப அவுகதான் கான்ட்ராக்டர். வரச் சொல்லுங்க" என்கிறார். ஒரு கையெழுத்துக்குத்தான் அழைத்துப் போனேன் அத்தான். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் சும்மா கிடந்த மனுசன், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார், கையெழுத்துப் போட்டார், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் பஸ் ஏறிவிடுகிறார். வேலையாட்களை வரிசையில் நிறுத்தி அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். ஒயரிங்கில் ஒன்றும் தெரியாது; ஆனாலும் பைப் கோணலாகப் போனால், "அழிச்சுட்டுத் திரும்பப் போடு" என்கிறார். நேற்று நான் ஏணி உச்சியில் நிற்கிறேன், கீழேயிருந்து, "ஜான் பீட்டர், கவனம் எங்குட்டு இருக்கு?" என்று ஒரு அதட்டல். மில்லே சிரித்தது. "மேஸ்திரி, ஒங்க மொதலாளி எங்க?" என்று மேனேஜர் என்னிடமே கேட்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை. திருத்தம் வருவதற்குள் நான் யாரென்று எனக்கே மறந்துவிடும். அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது சொல்லி, ஞாயிற்றுக்கிழமையே வந்து அப்பாவை அங்குட்டுக் கூட்டிப் போய்விடுங்கள்.

மாதா உங்கள் வீட்டில் நிம்மதியைத் தரட்டும். மிச்சமிருந்தால் இங்கேயும் அனுப்பட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜான் பீட்டர்

பி.கு.: ஒட்டுகிற மடிப்பில் இடமிருப்பதால் எழுதுகிறேன். தபாலில் போடுவதற்கு முன்னால் மில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். மோட்டார் புகைந்ததென்று மேனேஜர் எங்கள் ஆள் ஐயனாரைக் கேட்கக் கூடாத வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் வழக்கம்போலத் தலையைக் குனிந்திருப்பேன். அப்பா எழுந்தார். "அவன் எங்க ஆளு. பேசுறதா இருந்தா எங்கிட்டப் பேசுங்க, மரியாதையாப் பேசுங்க" என்றார். "சரிங்க சார்" என்று மேனேஜரே சொல்லிவிட்டார், அத்தான்! ஐயனார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நீங்கள் வர வேண்டாம். அக்கா நன்றாகவே இருக்கட்டும். இன்லண்டைக் கிழிக்க மனசில்லாமல் அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். திருத்தத்துக்கு அவசரமில்லை என்று குமரப்பனிடம் சொல்லப் போய்க்கொண்டிருக்கிறேன்.