நலிவு போதாது

எங்கள் அடுக்ககம் இடிந்து விழுவதற்கான எல்லாத் தகுதிகளையும் பெற்றிருந்தது. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. எங்கள் வீட்டுக் கூரையோ மழை நின்ற பிறகும் கடமை தவறாமல் ஒழுகும். கட்டிலை மூலைக்கு மூலை தள்ளியே என் மனைவிக்கு இடுப்பு போயிற்று. இந்நிலையில்தான் ‘நலிவுற்ற அரசுக் குடியிருப்புகளையும் அவற்றின் சுற்றுப்புறங்களையும் புதுப்பிக்கும் மானியத் திட்டம்’ வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் விண்ணப்பித்தேன். ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோமோ அதையே செய்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சாக்கடையை மூடினோம். முதல் மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் தன் கைக்காசைப் போட்டுப் படிக்கட்டுக்கு விளக்கு மாட்டினார். யோசனை முழுக்க என்னுடையது. மூளை இருக்கிறவன் செயலாளராக வரமாட்டான் என்று என் மனைவி அப்போதே சொன்னாள்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“என்ன சார், நலிவே தெரியலையே?”

“உள்ளுக்குள்ள நிறைய இருக்கு சார். சுரண்டிக் காட்டட்டுமா?”

“சுரண்டினா அது நீங்க பண்ணின நலிவு. தானா வந்ததுதான் செல்லும். அடுத்த மாசம் வர்றேன். அதுக்குள்ள ஏதாவது தேறுதான்னு பாருங்க.”

எங்கள் வாழ்நாளில் அந்த மாதம்போல் உழைத்ததில்லை. மூடிய சாக்கடையை மறுபடி திறந்தோம். எங்கள் பிளம்பர் தானே இறுக்கிய குழாய்களைத் தளர்த்தினார். கொத்தனார் சுவரில் ஒரு விரிசல் போட்டு, தள்ளி நின்று பார்த்து, “இயற்கையா வரலண்ணே” என்று பூசிவிட்டு மறுபடி போட்டார். மூன்றாம் மாடி டீச்சர், தன் வீட்டுக்கு மட்டும் விரிசல் ஒதுக்கவில்லை, சங்கம் ஓரவஞ்சனை செய்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அதிகாரி இம்முறை மூக்கைப் பொத்திக்கொண்டு நெகிழ்ந்துபோனார். “இதுதான் சார் நலிவு!” என்று எழுதிக்கொண்டே வந்தவர் என் மனைவியைப் பார்த்து நின்றார்.

“நீங்க யாரும்மா?”

“இங்கதான் குடியிருக்கேன்.”

“எப்படிக் குடியிருக்க முடியும்? மனுஷங்க வாழ முடியாத கட்டடம்னு இப்பத்தானே எழுதினேன்.”

“முப்பது வருஷமா இருக்கோம் சார்.”

“இருக்கலாம்மா. ஆனா முடியாது.”

வாழ முடியாத கட்டடத்தில் ஆளில்லை. ஆளில்லாத கட்டடத்தைப் புதுப்பித்து யாருக்கு லாபம்? எனவே மானியம் முழுவதும் சுற்றுப்புறத்துக்கு ஒதுக்கப்பட்டது. சுற்றுப்புறத்தின் கண்ணியம் கருதி, எங்கள் கட்டடத்தை மறைத்து உயரமாக ஒரு சுவர் எழுந்தது. புதுப்பித்திருந்தால் எங்கள் அடுக்ககம் எப்படி இருந்திருக்கும் என்று அதில் படமும் வரைந்தார்கள். பால்கனியும் பூத்தொட்டியுமாகக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அவசரக் கூட்டம் கூட்டினேன். போராட்டம் என்று நினைத்துத்தான் எல்லோரும் வந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச்சு எங்கே தடம் மாறியதோ, படத்தில் இருக்கிற மூலை வீடு யாருக்கு என்று சட்டையைப் பிடித்துக்கொண்டோம். கடைசியில் குலுக்கல் போட்டோம். சீட்டு எழுதியவன் நான் என்பதால் அது எங்களுக்கே விழுந்தது.

ஓடோடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வெளியே வந்து, சுவரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

“செயலாளரா இருந்து என்ன பிரயோஜனம்? நம்ம ஜன்னலை மட்டும் சாத்தி வரைஞ்சிருக்கான். காத்து எப்படி வரும்?”

நியாயமாகத்தான் பட்டது. திறந்து வரையச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறேன்.