ஜமீனுக்கு வீடு பார்த்த படலம்

வீட்டில் இனி ஒரு பூனைகூட இருக்கக்கூடாது என்று தனபால் சபதம் எடுத்த இடம், காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப்.

கொல்லிமலை பஸ் அப்போதுதான் புறப்பட்டது. ஜன்னலோரம் புதுமணத் தம்பதி. தனபாலுக்கு நெஞ்சு இளகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவரும் ஹேமலதாவும் இதே பஸ்ஸில் போனவர்கள்தான். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முதல் வளைவிலேயே பயந்துபோய் அவர் கையைப் பிடித்தவள், வீடு திரும்பும்வரை விடவேயில்லை. என்ன நாள் அது! இப்போது அந்தக் கையில் எந்நேரமும் பூனை. தெருப்பூனைகளை எடுத்து வளர்த்து, வீடு பார்த்து அனுப்பும் வேலையை அவள் ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு அந்தக் கை கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் சொல்லிவிட்டார். "பூனைங்க போகோணும். இல்லாட்டி நான் போறேன்!"

"எங்கீங்க போவீங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "மலைக்கு. உன்னையும் கூட்டிக்கிட்டு."

ஹேமலதாவின் முகம் சிவந்தது. "போலாங்க. மொதல்ல அதுங்களுக்கு ஊடு பாருங்க. ஜமீனுக்குத்தான் கஷ்டம்."

ஜமீன், சாம்பல் நிறக் கிழட்டுக் கடுவன் பூனை. ரத்தத்தில் ஏதோ வைரஸ். மனிதருக்கு வராது, பூனைக்குப் பூனை ஒட்டிக்கொள்ளும். அதனால் தனி அறை, தனித் தட்டு. வேறு பூனை இல்லாத வீட்டில்தான் விட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அது கெடக்குது, ஊரெல்லாம் பூனையில்லாத ஊடுதான்!"

"ஆமாங்க. குட்டிங்களை மொதல்ல குடுத்துட்டு வாங்க. அதுங்களையும் பூனையில்லாத ஊடாப் பாத்துக் குடுங்க. பெரிய பூனை இருந்தாக் கடிச்சுப்போடும்."

தனபால் படியேறாத வீடில்லை. மாவு மில் செல்லமுத்து வீட்டில் ஒன்று, நாச்சிமுத்து வாத்தியார் வீட்டில் ஒன்று. கூடை காலியாகக் காலியாக மலைக்காற்றே முகத்தில் அடிப்பதுபோல் இருந்தது. கடைசிக் குட்டியை நண்பர் ஹபீப் ரஹ்மான் வீட்டில் கொடுத்தார்.

மறுநாள் ஜமீனைக் கூடையில் வைத்துக்கொண்டு அதே தெருக்களில் நடந்தார். ஹபீப் வாசலிலேயே மறித்தார்.

"தனபாலு, நீ குடுத்த குட்டி உள்ளே வெளையாடுது. இதையும் விட்டா அதுக்கு ஒட்டிக்காதாப்பா?"

எல்லா வாசலிலும் அதே கேள்வி. அவர் கொடுத்த குட்டிகளே அவரை வழிமறித்தன. கூடையோடு வீடு திரும்பினார்.

"பூனையில்லாத ஊடே ஊருல இல்லை, புள்ள."

"ஒண்ணு இருக்குதுங்க."

"எங்க?" தனபாலின் கண் மலர்ந்தது.

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். "நம்மூடுதானுங்க. நீங்கதான் எல்லாக் குட்டியையும் குடுத்துக் காலி பண்ணீட்டீங்களே!"

சொன்ன சொல் தவறவில்லை ஹேமலதா. ஞாயிற்றுக்கிழமையே மலைக்குக் கிளம்பினாள். சீக்காளியைத் தனியே விட முடியுமா? ஜமீனும் கூடையில் வந்தது. காரவள்ளி தாண்டியது. தனபால் கையை வாகாக நீட்டி வைத்துக்கொண்டார்.

முதல் வளைவிலேயே ஹேமலதா பயந்துபோய்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், கூடையை.