ஆறாவது படத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் நலம். மூக்குக்கண்ணாடிக் கடையும் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும், இந்தக் கடிதத்தை உட்கார்ந்து கடைசிவரை படிக்கிற அளவுக்காவது தெம்பு இருக்கவேண்டும். ஏனென்றால் இதில் வருகிற அத்தனை கூத்துக்கும் காரணம் நீங்கள்தான். 'நீங்கள்' என்று எழுத எழுதக் கை வலிக்கிறது. இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், மச்சான்.

விஷயம் இதுதான். என் மகளின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. மண்டபம் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அச்சில் இருக்கிறது, அவளோ நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். காரணம் வரதட்சணையா, குடும்பச் சண்டையா, பையனுக்கு வேறு யாராவதா என்று கேட்பாய். அப்படி ஏதாவது இருந்தால் நான் தலை நிமிர்ந்து நாலு பேரிடம் சொல்லியிருப்பேனே! காரணம் 'கல்வாசல்'. ஆமாம், அந்த ஏழு படம். அதில் எது முதலிடம், எது கடைசி இடம் என்று இரண்டு பேருக்கும் தகராறு. அவளுக்கு மூன்றாவது படம் முதலிடம், ஐந்தாவது குப்பை. அவனுக்கு ஐந்தாவது முதலிடம், மூன்றாவது குப்பை. "ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை அத்தான், கண்ணை மூடிக்கிட்டு முடிச்சுடலாம்"னு போனில் சொன்னது யார்? நீதானே? உன் ஆபீசில் பாலத்துக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர், கை நிறையச் சம்பளம், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்றாய். இது கெட்ட பழக்கம் இல்லாமல் வேறு என்னவாம்?

நீ அந்தப் படங்களைப் பார்த்திருக்க மாட்டாய், கொடுத்துவைத்தவன். நான் பார்க்க வேண்டியதாகிவிட்டது. "படத்தைப் பார்க்காதவங்களுக்கு இதுல பேச உரிமை இல்லப்பா" என்றாள் மகள். பல் டாக்டர் அல்லவா, நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் வாயை மூடச் சொல்கிறாள். சரி என்று தினமும் மதியம் கடை அடைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே ஏழையும் பார்த்து முடித்தேன். கதை என்ன தெரியுமா? ஒரு பெரிய கல் கதவு. இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு டிராகன். கதவைத் திறப்பதா வேண்டாமா, அவ்வளவுதான். நம் வீட்டில் காலிங் பெல் அடித்தால் உன் அக்கா ஒரு நொடியில் முடிக்கிற வேலையை இவர்கள் ஏழு படமாக எடுத்திருக்கிறார்கள். ஒரு மந்திரவாதி வருகிறான், அவன் தாடி ஒரு படத்தில் இடுப்பு வரை, அடுத்த படத்தில் மார்பு வரை, அதற்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அந்த டிராகன் இரண்டாவது படத்தில் செத்துப்போய் நான்காவதில் எழுந்து வருகிறது, ஏன் வந்தாய் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இதற்குத்தான் மதிப்பெண், இதற்குத்தான் தரவரிசை!

இந்த வியாதி நம் வீட்டோடு நின்றாலும் பரவாயில்லை. ரசிகர் கூட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரு டீக்கடை மாடியில் கூடுகிறார்கள், மகள் என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாள். போனால், மச்சான், முக்கால்வாசிப் பேர் என் கடை வாடிக்கையாளர்கள்! வங்கி மேனேஜர், திரைச்சீலைத் துணி மாதிரி ஒன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு நிற்கிறார். வரிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் கையில் மரக்கத்தி. அவருக்குச் சாளேசுரம், கத்தியை எட்டப் பிடித்தால்தான் அதில் எழுதியிருப்பதே அவருக்குத் தெரியும். கதைக்குப் பத்து, சண்டைக்குப் பத்து, குதிரைக்கு ஐந்து என்று மார்க் போட்டுக்கொண்டு, "நாலாவதைவிட ரெண்டாவது உசத்தின்னு சொல்றவன் மனுஷனே இல்லை" என்று மேனேஜர் மேசையைத் தட்ட, டீ கவிழ்ந்து என் வெள்ளைச் சட்டை போயிற்று. எல்லாரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஆறாவது படத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "அது படமே இல்லை சார், அதுல ஒண்ணுமே நடக்காது" என்று கோரஸாகச் சொன்னார்கள். நான் எதற்கு வம்பு என்று சும்மா இருந்துவிட்டேன்.

சரி, நம் தொழில் புத்தியை உபயோகித்துத் தீர்த்துவைப்போம் என்று இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொன்னேன். கண் டெஸ்ட் செய்யும்போது நான் கேட்பது ஒரே கேள்விதானே. இது தெளிவா, அது தெளிவா? இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே போனால் எப்பேர்ப்பட்டவனும் கடைசியில் ஒரு லென்ஸில் வந்து நிற்பான். முதலில் மகளை உட்கார வைத்தேன். "மூணா, ஒண்ணா?" "மூணு." "ஒண்ணா, நாலா?" "ஒண்ணு." "நாலா, மூணா?" "ம்ம்... நாலு." இத்தனை வருடத்தில் என் நாற்காலியில் இப்படி ஒருத்தர் பதில் சொன்னதில்லை. "இப்படிச் சுத்திச் சுத்தி வந்தா நான் எந்த லென்ஸைம்மா மாட்டுறது?" என்றேன். "படம் லென்ஸ் இல்லப்பா" என்று எழுந்துவிட்டாள்.

அப்புறம் பையன் உட்கார்ந்தான். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் என் கை தானாக எழுத்துப் பலகை விளக்கைப் போட்டுவிடும், பழக்கதோஷம். "கடைசி வரியைப் படிங்க" என்றேன், படம் எல்லாம் மறந்துபோய். அவன் கண்ணைச் சுருக்குகிறான், கழுத்தை நீட்டுகிறான், மேலிருந்து மூன்றாவது வரியிலேயே முழிக்கிறான். மைனஸ் ரெண்டு, மச்சான்! கண்ணாடி போட்டால் முகம் ஒரு மாதிரி இருக்கிறதாம், அதனால் யாரிடமும் சொல்லாமல் காலம் தள்ளியிருக்கிறான். பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், அதனால் உன் ஆபீசில் வரைபடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருப்பான், பயப்படாதே. கட்டி முடித்த பாலம்தான் அவனுக்குத் தெரியாது.

எனக்குப் பொறி தட்டியது. மூன்றாவது படம் முழுக்க முழுக்கக் குகைக்குள் நடக்கிறது, ஒரே இருட்டு. தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணாடி இல்லாமல் பார்த்தால் என்ன தெரியும்? கறுப்புத் துணிதான் தெரியும்! அதனால்தான் குப்பை என்கிறான். வியாதியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையிலேயே நல்ல ஃபிரேமாகப் பார்த்து என் கையால் கண்ணாடி செய்து மாட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு குடும்பத்தையும் வீட்டுக்கு அழைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மூன்றாவது படத்தைப் போட்டேன். பையனின் அம்மா, "நான் முதல் படத்தோட நிறுத்திட்டேன், அதுக்கப்புறம் அந்த டிராகன் குணமே மாறிப்போச்சு" என்று நம் சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். பையனின் அப்பா முதல் காட்சியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அந்த அறையில் புத்தி உள்ள மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டேன். எல்லோரும் பையன் முகத்தையே பார்க்கிறோம். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "ரொம்ப நன்றி மாமா, இப்பதான் எல்லாம் துல்லியமா தெரியுது. முன்னாடி மங்கலா இருந்ததால ஏதோ கொஞ்சம் சுமாரா தோணுச்சு. இப்பதான் எவ்வளவு மட்டமா எடுத்திருக்காங்கன்னு புரியுது" என்றான்.

அதற்கப்புறம்தான் மோதிரம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

பல்லுக்குப் பல் என்று பார்க்கிறவள் அவள். பொய்யாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத அசடு அவன். ஒரு நல்ல வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? இந்தப் பைத்தியக்கார உலகத்தில் எனக்கு இடமில்லை. வயசுக்கு வந்த மனுஷர்கள், வேலையில் இருப்பவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள், ஒரு பொம்மை டிராகனுக்காக வாழ்க்கையை முறித்துக்கொள்கிறார்கள். சீச்சீ! ஆகவே நீ உடனே கிளம்பி வந்து, அந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு போய், பையன் வீட்டில் மரியாதையாகப் பேசி முடித்துவிடு. முடிச்சுப் போட்டவன் நீ, நீயே அவிழ்த்துவிடு. உன் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. மகள் சிரித்துப் பேசி நாளாகிறது. சொல்லிவிடுகிறேன், மச்சான், அவள் நன்றாக இருந்தால் போதும் எனக்கு.

உனக்கும் உன் வீட்டாருக்கும் தூரமும் கிட்டமும் தெளிவாகத் தெரிகிற கண்ணும், எதையும் எதோடும் ஒப்பிடாத மனசும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே உள்ளதை எழுதி உறையில் போடப் போகிறபோது பையன் வந்து நின்றான். "கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் மாமா" என்றான். மகள் அறையிலிருந்து வந்தாள். ஹாலில் மறுபடி மூணு, அஞ்சு, மூணு, அஞ்சு. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, நடுவில் போய் நின்று, "மூணும் கிடையாது, அஞ்சும் கிடையாது, ஏழுலயும் நல்ல படம் ஆறாவதுதான்!" என்று கத்திவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "அப்பா, உளறாதீங்க!", "மாமா, அது படமே இல்ல மாமா!" என்று பாய்ந்தார்கள். என்னை எதிரே உட்கார வைத்து, அவர்கள் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஆரம்பித்த வாக்கியத்தை அவன் முடிக்க, அவன் விட்டதை அவள் பிடிக்க, இருட்டுகிறவரை எனக்கு அறிவு புகட்டினார்கள். நடுவில் எப்போதோ மோதிரம் அவள் விரலுக்குப் போய்விட்டது. கண்ணாடியும் அவன் மூக்கிலேயே தங்கிவிட்டது.

"பலே ஆளுங்க நீங்க, சேர்த்துவைக்கத்தானே வேணும்னே அப்படிச் சொன்னீங்க?" என்று உன் அக்கா சமையலறையில் மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வேண்டுமென்று சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னேன். ஆறாவது படத்தில் அந்தக் கதவைக் காக்கிற கிழவன், தான் வளர்த்த பெண் வெளியே போவதற்காகக் கதவைத் திறந்துவிடுகிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்தோஷமாகப் போகிறாள். அவன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறான். அவ்வளவுதான் படம். இதைப் போய் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள்! சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடு. கிளம்புவதற்கு முன் ஆறாவதை மட்டும் பார்த்துவிட்டு வா. உனக்கும் அது கடைசி இடம் என்று தோன்றினால் பரவாயில்லை, வந்து வயிறாரச் சாப்பிடு. ஆனால் அவளை அனுப்பிவைக்கிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து நிற்காதே.