தூக்கு வேண்டும் என்று நான் கத்தியது குறித்து

ஹேடோ, போர்ட் பிளேர்
24-1-2013

மதிப்பிற்குரிய சொக்கலிங்கம் அவர்களுக்கு, போன ஞாயிறு வரை உங்களைச் சம்பந்தி என்று அழைத்துவந்த, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் சுகம். பெரார்கஞ்சில் உங்கள் வீட்டாரும் பாக்குத் தோட்டமும் நலமாக இருக்க ஆண்டவன் அருள்வானாக.

ஐயா, என் மகள் திவ்யாவுக்கும் உங்கள் மகன் யோகராஜுக்கும் தேதி குறிக்க வந்தவர்களைப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு அழைத்துப் போனேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பது தலைப்பு. நான் 'வேண்டாம்' அணி. பத்து நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். 'வேண்டும்' அணிக்காரர் கார் நிக்கோபாரிலிருந்து வரவேண்டும். கடல் சரியில்லை என்று கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். மேடையேற அஞ்சு நிமிசம் இருக்கும்போது சங்கச் செயலாளர் ஜெயமணி ஓடி வந்து, "அண்ணே, அந்தப் பக்கம் ஆளே இல்ல, நீங்க மாறிக்கங்க. உங்க தொண்டைக்கு அதுதான் எடுப்பா இருக்கும்"னான். முடியாதுன்னேன். "அரே பாய், சும்மா பேச்சுதானே!"னு மைக்கைக் கையில திணிச்சிட்டான். கைதட்டல் கேட்டா யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? "இழுத்துட்டுப் போய்த் தூக்குல போடுங்க!"னு கத்திட்டேன். பேசி முடிச்சுப் பார்த்தா ரெண்டாவது வரிசையில உங்களக் காணோம். டீ கூடக் குடிக்காமப் போயிட்டீங்க. திங்கட்கிழமை ஆள் விட்டுச் சொல்றீங்க: "பொண்ணு தங்கம். அவ அப்பன்தான் ரத்தவெறி புடிச்ச மனுசன். இந்தச் சம்பந்தம் வேணாம்." நானா ஐயா? நண்டை உயிரோட சட்டியில போடுறதப் பார்க்க மனசு வராம வாசல்ல போய் நிக்கிறவன் நான். சுனாமியில என் தம்பியக் கடல் கொண்டுபோச்சு. போன உசிரு திரும்பாதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். தப்பான ஆளைத் தொங்கவிட்டா அப்புறம் எந்தக் கோர்ட்டு உசிரு குடுக்கும்? இதைத்தானே நான் பேச இருந்தேன்! அந்த நாலு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, என் மகளுக்கு நீங்கள் கொடுத்த தண்டனையை ரத்து செய்யுங்கள். மூணு நாளாப் புள்ள சரியாச் சாப்பிடல.

தங்கள் சம்சாரம் நீலாவதி அம்மாவுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு (எனக்கு அவர் இன்னும் மாப்பிள்ளைதான்) என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
எறும்புக்கும் தீங்கு நினைக்காத
பொன்னுத்துரை

பி.கு.: உறையை ஒட்டும்போது திவ்யா வந்து காலில் விழுந்தாள். கழுத்தில் தாலி. நேற்றுக் காலை கோயிலில் வைத்து உங்கள் மகன் கட்டினாராம். சாட்சி யார் தெரியுமா? என் சம்சாரம் ராசம்மாவும் உங்கள் நீலாவதி அம்மாவும்! நம்ம ரெண்டு பேர் சண்டை ஓயட்டும்னு காத்திருந்தா பேரனைப் பார்க்க முடியாதாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள் சம்பந்தி. தூக்குதான். நாலு பேருக்கும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.