நேர் ரோட்டில் வளைவு போட்டவர்

ராமநாதபுரம் சீமையில் ரோடு போட்டவர்கள் சோம்பேறிகள். கயிறு பிடித்தாற்போல் நேராகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நேர் ரோட்டில் வளைவுகளைக் கண்டுபிடித்து ஓட்டிய டிரைவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கப்பல்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அது எங்கள் பஸ் முதலாளிக்கே தெரியாது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சுதந்திரம் வந்த சமயத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கினார். வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார் என்று கூட வந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அவர் சொல்லும்போது மட்டும் நடுக்கடலில் கேப்டனுக்கு மயக்கம் வந்துவிடும். இவர்தான் கப்பலைக் கரை சேர்ப்பார். கேப்டன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதும் உண்டு. அது கேட்பவர்கள் டீ வாங்கிக் கொடுப்பதைப் பொறுத்தது.

நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு பஸ் கம்பெனியில் கிளார்க். எங்களுக்கு ஒரு பச்சை பஸ். எதிர்க் கம்பெனிக்கு ஒரு மஞ்சள் பஸ். இரண்டும் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் வழியாக ஆர்.எஸ்.மங்கலம் போகும். முன்னால் போகிற பஸ்ஸுக்குத்தான் வழியில் நிற்கிற கூட்டம். பின்னால் போகிறவனுக்குப் புழுதிதான் மிச்சம். ஆகவே இரண்டு பஸ்ஸும் கிளம்புவது மட்டும்தான் சர்க்கார் கொடுத்த நேரத்துக்கு. போய்ச் சேருவது அவரவர் சாமர்த்தியத்துக்கு.

பந்தயம் டிரைவர்களுக்குள் என்றா நினைக்கிறீர்கள்? ஏறின ஜனம் முழுக்கப் பந்தயத்தில்தான் இருக்கும். மீன் கூடைக்காரம்மா முதல் மடியில் மாதிரி நெல் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் விவசாயி வரை, மஞ்சள் பஸ் கண்ணில் பட்டுவிட்டால் ஒரே குரல்தான்.

"விட்ராத கப்பலு! அந்தா போறான் பாரு, அமுக்கு!"

ஒருமுறை திருப்பாலைக்குடி தாண்டி இரண்டு பஸ்ஸும் ஒட்டிக்கொண்டு ஓடின. உப்பூரில் இறங்க வேண்டியவர் ஒருவர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், தாலியை மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் செவந்தியப்பன் "உப்பூரு எறங்கு!" என்று கத்தினார். தாய்மாமன் அசையவில்லை.

"அட இருய்யா, யாரு செயிக்கிறான்னு பாத்துட்டு எறங்குறேன்."

பச்சை பஸ் ஜெயித்தது. மாமன் மங்கலத்தில் இறங்கிக் கை தட்டிவிட்டு, அப்புறம் தாலி ஞாபகம் வந்து, மஞ்சள் பஸ்காரன் காலிலேயே விழுந்து திரும்பி வந்தார். முகூர்த்தம் போய்விட்டது. பெண் வீட்டார் அடிக்க வந்தபோது அவர் சொன்ன ஒரே பதில்: "நம்ம பஸ்ஸுல்ல செயிச்சது!" அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். பெண் வீட்டாரும் பச்சைக் கட்சி.

கப்பலின் வளைவுக்கு வருகிறேன். எதிரே ஒரு ஈ காக்கை இருக்காது. ரோடு தேவிபட்டினம் வரை தெரியும். இவர் பாட்டுக்கு இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு என்று பஸ்ஸைப் பாம்பாட்டம் ஓட்டுவார். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். பகையாளிகள் ஏறி உறவாகி இறங்கியதுண்டு.

"ஏண்ணே, நேரா ஓட்டினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்டி மலையில ஓட்டுன கை தம்பி இது. நேரா ஓட்டுனா மரத்துப் போகும். இங்கன ரோடு போட்டவனுக்கு ரசனையே இல்ல."

ஹாரன் அடிக்க மாட்டார். ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்குவது பால் கறக்கிற வேலை என்பார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவரே கத்துவார். மாட்டுக்கு ஒரு சத்தம், ஆட்டுக்கு ஒரு சத்தம், தாசில்தார் ஜீப்புக்கு மரியாதையாக ஒரு சத்தம். ஆடு மாடெல்லாம் ஒதுங்கும். தாசில்தார்தான் ஒருமுறை ஒதுங்காமல் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். கப்பல் அவரிடம் கேப்டனுக்கு மயக்கம் வந்த கதையைச் சொல்லி அனுப்பிவைத்தார்.

இப்படி நாலைந்து வருஷம் ராஜாவாக இருந்தார். ஆனால் எங்கள் ஊரில் பஸ் டிரைவர்களுக்கு ஒரு கெட்ட காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை. மழை பிடித்தால் கண்மாய் நிரம்பி, கலுங்கு வழியே தண்ணீர் பாய்ந்து, ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விடும். பஸ்கள் ஷெட்டில் நிற்கும். தையில் ரோடு காய்ந்த பிறகுதான் மறுபடி ஓட்டம், திருவிழாக் கூட்டம், பந்தயம் எல்லாம். இடையில் சும்மா இருக்கும் முதலாளிகள் என்ன செய்வார்கள்? பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், டயரை மாற்றுவார்கள். கையோடு டிரைவரையும் மாற்றுவார்கள்.

முதலில் மாற்றியது மஞ்சள் கம்பெனி. அவர்களுடைய பழைய டிரைவரை ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மதுரையிலிருந்து ஒரு இளவட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, சுருட்டிவிட்ட கிராப்பு. தை பிறந்ததிலிருந்து மஞ்சள்தான் முன்னால். மீன் கூடைக்காரம்மாக்கள்கூடக் கட்சி மாற ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம்தான் பனைமரச் சங்கதி நடந்தது. நானும் பஸ்ஸில் இருந்தேன். தேவிபட்டினத்துக்கு இப்பால், பொழுது நன்றாக விடிந்திருந்த நேரம். கப்பல் பிரேக் போட்டு நிறுத்தினார். தலையை வெளியே நீட்டினார்.

"ஏறுய்யா வெரசா! மஞ்சக்காரன் வந்துக்கிட்டிருக்கான்."

பதில் இல்லை.

"ஏலே, ஒன்னயத்தான்! ஏறுறியா, இல்லையா? ஆளப் பாத்தா மலை மாதிரி இருக்க, வாயில நாக்கு இல்லையா?"

செவந்தியப்பன் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அது பட்டுப்போன பனமரம். தலை முறிஞ்சு நிக்கிது."

பஸ் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கப்பலும் சிரித்தார். "எனக்குத் தெரியாதா? மரியாதைக்குக் கூப்பிட்டுப் பாத்தேன்" என்று கியரைப் போட்டார். மங்கலம் போய்ச் சேருவதற்குள் கதை எங்களுக்கு முன்னால் போய்விட்டது. சந்தையில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் "பனமரம் ஏறிருச்சா?" என்று கேட்டார்கள்.

அடுத்த சந்தைக்கும் போனேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. திருப்பாலைக்குடியில் ஒரு பெண் தலையில் மீன் கூடையோடு ரோட்டைக் கடந்தாள். நான் பார்த்துவிட்டேன், செவந்தியப்பன் பார்த்துவிட்டார், பின் சீட்டில் இருந்தவர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள். கப்பல் மட்டும் அமுக்கிக்கொண்டே போனார். செவந்தியப்பன் "அண்ணே!" என்று அலறிய அலறலில் பஸ் நின்றது. கூடை கீழே விழுந்து மீன் சிதறியது. அந்தப் பெண் பம்பரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பக்கம்.

கப்பல் இறங்கினார். மண்ணில் கிடந்த மீனையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டார். கை தடவித் தடவித்தான் பொறுக்கியது. மஞ்சள் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அன்று எங்கள் பஸ்ஸில் ஒருவரும் "அமுக்கு" என்று சொல்லவில்லை. மங்கலம் வரை பஸ் முதல் முறையாக நேராகப் போனது.

அந்த மழைக்காலத்தில் முதலாளி அபிராமத்திலிருந்து ஒரு பையனை வரவழைத்தார். நல்ல பையன். கறுப்புக் கண்ணாடியெல்லாம் கிடையாது. ஷெட்டில் பச்சை பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், கப்பலைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். கப்பல் அவன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"காப்பே காய்க்கலையேடா. எம்புட்டு நாளா ஓட்டுற?"

"ரெண்டு வருசமாங்கய்யா."

"நல்லா கண்ணு தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் பஸ்ஸில் ஏறி அவருடைய சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இறங்கவில்லை.

முதலாளிக்கு மீசை பெரிது, தைரியம் சிறிது. 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனுஷனுக்குப் பூக்கட்டிப் பார்க்கிற பைத்தியம் வேறு உண்டு. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு காளியம்மன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சந்நிதியில் போட்டு ஒன்றை எடுப்பது. அம்மன் உத்தரவில்லாமல் ஒரு டியூப்கூட வாங்க மாட்டார். ஒருமுறை மாமியார் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டு, 'போ' என்று பூ வந்துவிட்டதால், ஒரு வாரம் அம்மனுக்கு விளக்குப் போடாமல் கோபித்துக்கொண்டிருந்தார்.

"கப்பலு, நானா ஒண்ணும் செய்யல. ஆத்தாகிட்ட விட்டுருவோம். வெள்ளை வந்தா நீதான் டிரைவரு. செவப்பு வந்தா அந்தப் பய. என்ன சொல்ற?"

"சரி முதலாளி. ஆனா என் தலையெழுத்த நானே எடுத்துக்கிறேன்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை. தூறல். முதலாளி, பூசாரி, செவந்தியப்பன், அந்த அபிராமத்துப் பையன், நான். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களையும் பூசாரி அம்மன் காலடியில் போட்டார். நான் கப்பலுக்குப் பக்கத்தில் நின்று, தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வர வேண்டும் என்றுதான். பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் ஞாபகம் இருந்தும், அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

கப்பல் குனிந்து ஒன்றை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முகத்துக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பிரித்தார். பிறகு கையை மூடிக்கொண்டு திரும்பினார்.

"செவப்பு" என்றார்.

பூசாரி இன்னொரு பொட்டலத்தை எடுக்கப் போனார். கப்பல் முந்திக்கொண்டு அதை எடுத்து மழைத் தண்ணீரில் எறிந்தார்.

"ஆத்தா சொன்னதுக்கு அப்புறம் அதப் பிரிச்சுப் பாக்குறது அவளச் சந்தேகப்படுறது சாமி. வேண்டாம்."

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனுஷன் அழுதேவிட்டார்; வேண்டியது கிடைத்தவர்களுக்கும் அழுகை வரும் போலிருக்கிறது. அபிராமத்துப் பையன் காலில் விழுந்தான். கப்பல் இடது கையால் அவன் தலையைத் தொட்டார். வலது கை மூடியே இருந்தது.

ஷெட்டுக்கு வந்து தகர டின் தண்ணீரில் முகம் கழுவும்போதுதான் அந்தக் கையைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கசங்கிப் போன நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே! வெள்ளைதான வந்திருக்கு! ஏண்ணே இப்படிப் பண்ணுனீக?"

"கத்தாத தம்பி."

"அம்மனே குடுத்துட்டாள்ல?"

"குடுத்தா. எம்மேல உள்ள பிரியத்துல குடுத்துட்டா. பஸ்ஸுல ஏறுறவுகளும் ரோட்ல போறவுகளும் அவ பிள்ளைகதான? அவ மறந்தாலும் நான் மறக்கலாமா?" பூவைத் தண்ணீரில் விட்டார். "எனக்குப் பனமரமே தெரியல தம்பி. அம்புட்டுப் பெரிய மரம்."

பாம்பனில் ஒரு தங்கை வீடு இருந்தது. அங்கே போகிறேன் என்றார். "அங்கன ரயிலு மட்டுந்தான் போகும். நம்ம பஸ்ஸு பாலத்தத் தாண்டி வர வழியில்ல. சத்தம் காதுல விழுகாது. அது போதும்." ஸ்டேஷனுக்கு நானும் செவந்தியப்பனும் கூடப் போனோம். ரயில் பெட்டியில் ஏறியவர், எஞ்சின் டிரைவரைப் பற்றி விசாரித்தார். வயதானவர்தான் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரயில் நகர்ந்தபோது, "வாரேன் தம்பி" என்றார். வரவில்லை.

தையில் பந்தயம் தொடங்கியது. அபிராமத்துப் பையன் நேராக ஓட்டினான், ஹாரன் அடித்தான், பச்சை பஸ்ஸை முதலாவதாகக் கொண்டுபோய் நிறுத்தினான். ஜனம் ஆரவாரம் செய்தது. அவன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் யார் மடியிலும் விழாமல் கௌரவமாகப் போய் இறங்கினோம். எனக்குத்தான் அந்தப் பிரயாணம் கசந்தது.

கப்பல் செய்தது சரி. இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும் அதில் மாற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் 'வெள்ளை' என்று சொல்லி, மறுபடி அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தால், அவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தும் நான் ஏறித்தான் இருப்பேன். அதுவும் முன் சீட்டில்.